நோயாளி சொன்னதை ஊரறியச் செய்யுங்கள்

எலெக்ட்ரானிக் சிட்டி வழியாகப் பொம்மசந்திரா வரை பெங்களூரு மெட்ரோவின் மஞ்சள் தடம் 2025 ஆகஸ்டில் ஓடத் தொடங்கியபோது, மென்பொருள் ஊழியர்களின் போக்குவரத்து நெரிசல் தீருமா என்பதே பேச்சாக இருந்தது. ஆனால் அந்தப் பக்கம் ஸ்கேன் படப் பையோடு போகிறவர்களும் ஏராளம். பொம்மசந்திராவில் நாராயணா ஹெல்த் வளாகத்தின் மஜும்தார் ஷா புற்றுநோய் மையம் 2009 முதல் இயங்குகிறது. அதே ஓசூர் சாலையில், நகருக்குள், 1973-இல் தொடங்கிய கித்வாய் அரசு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி மக்களுக்குச் சென்னையைவிட இந்தச் சாலைதான் பக்கம்.

இத்தனை பேருக்கும் கிடைத்த கவனிப்பு எப்படி இருந்தது? தெரிந்துகொள்ளப் பொதுமக்களுக்கு வழியில்லை. நம் நாட்டில் தரச்சான்று பெற்ற மருத்துவமனைகள் நோயாளியின் கருத்தைக் கேட்டாக வேண்டும், கேட்கவும் செய்கின்றன. டிஸ்சார்ஜ் நேரத்தில், பில் முடியாத அவசரத்தில், ஒரு படிவம் நீட்டப்படுகிறது. மூன்று வாரத்தில் அடுத்த கீமோ. அதே வார்டில், அதே நர்ஸிடம்தான் கையை நீட்ட வேண்டும். குறை எழுத யாருக்கு மனம் வரும்? உயிரோடு வீடு திரும்புகிற நன்றியும் சேர்ந்துகொள்கிறது. ‘மிகவும் திருப்தி’ என்ற கட்டத்தில் பேனா தானாகவே விழுகிறது. அந்த நன்றி உண்மையானது. ஆனால் அதைக் கவனிப்பின் அளவுகோலாக எடுத்துக்கொள்வது தவறு.

கேட்க வேண்டியவை வேறு. தருமபுரிக் கிராமத்திலிருந்து விடியுமுன் பஸ் ஏறி வருகிறவரிடம் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, “கவுண்ட் குறைவு, அடுத்த வாரம் வாங்க” என்கிறார்கள். மருத்துவப்படி அது சரியான முடிவே. வெள்ளணுக்கள் குறைந்திருக்கும்போது கீமோ ஏற்றுவது ஆபத்து. ஆனால் துணைக்கு வந்தவருக்கும் சேர்த்து இரண்டு பேரின் நாள்கூலி போயிற்று. அந்தப் பரிசோதனையை முந்தின நாளே உள்ளூரில் செய்து முடிவைப் போனில் அனுப்பச் சொல்லியிருந்தால் பயணம் மிச்சம். இந்த யோசனை நோயாளியின் வாயிலிருந்துதான் வரும். நோய் என்னவென்று அவரிடம் சொன்னது யார், டாக்டரா, அல்லது வராந்தாவில் டாக்டர் சொல்லக் கேட்டு அழுத மகனின் முகத்தைப் பார்த்து அவரே ஊகித்தாரா? பக்கவிளைவுகளைப் புரிகிற மொழியில் விளக்கினார்களா? இரவு காய்ச்சல் வந்தால் கூப்பிட ஓர் எண் தந்தார்களா? தரை பளபளப்பைப் பற்றிய கேள்விகள் இவற்றுக்குப் பிறகு வரட்டும்.

இங்கிலாந்தில் 2010 முதல் புற்றுநோயாளிகளின் வீட்டுக்கே கேள்வித்தாள் அனுப்பி, பதில்களை மருத்துவமனை வாரியாக வெளியிடுகிறார்கள். நமக்கும் அதுவே வேண்டும். மருத்துவமனைக்குச் சம்பந்தமில்லாத ஓர் அமைப்பு, நோயாளி வீடு சேர்ந்தபின், பெயர் வெளியே வராமல், கன்னடம், தமிழ், தெலுங்கு, வங்காள மொழிகளில் கேட்க வேண்டும். முடிவுகள் மருத்துவமனையின் பெயரோடு வெளிவர வேண்டும்.

மதிப்பெண்ணுக்காக டாக்டர்கள் கசப்பான உண்மையை மறைப்பார்களே என்பார்கள். அது நியாயமான அச்சம். அதனால்தான் ‘சந்தோஷமா’ என்று கேட்காமல், ‘சொன்னார்களா, புரிந்ததா’ என்று கேட்க வேண்டும். கூட்டம் நெரியும் அரசு மருத்துவமனையைத் தனியாரோடு ஒப்பிடுவது அநீதி என்பதும் சரிதான். அரசு நிறுவனங்களை அரசு நிறுவனங்களோடு ஒப்பிடலாம். அங்கே காத்திருக்கும் நேரம் பகிரங்கமானால், கூடுதல் நர்ஸுகளையும் கருவிகளையும் கேட்க அந்த மருத்துவமனைக்கே அது ஆதாரமாகும்.

தனியார் மருத்துவமனைச் சட்டத்தை 2017-இல் திருத்தி, நோயாளிகளின் உரிமைகளை அதில் எழுதிய மாநிலம் கர்நாடகம். புற்றுநோயாளிகளின் கருத்தைக் கேட்டு வெளியிடும் கடமையையும் அதில் சேர்க்கட்டும். அரசு மருத்துவமனைகளுக்கு அதை ஓர் அரசாணையிலேயே செய்துவிடலாம். தன் மாவட்ட மக்கள் எல்லை தாண்டிப் போகிறார்கள் என்பதால், தமிழ்க் கேள்வித்தாளையும் அதைக் கேட்க ஆட்களையும் தமிழக அரசு தரட்டும். ஓசூர் சாலையின் மருத்துவமனைகளிலிருந்தே இதைத் தொடங்க வேண்டும்.