கஷாயத்தை ஒளிக்காதீர்கள்



இந்த மாதம் நம் லயங்களில் மெதுவான குரலில் பேசப்படும் ஒரு விஷயத்தை எழுதுகிறேன். புற்றுநோய் கண்டவர் ஆஸ்பத்திரி மருந்தோடு நாட்டு மருந்தும் சாப்பிடுகிறார். ஆனால் டாக்டரிடம் வாய் திறப்பதில்லை. இந்த ஒளிவுமறைவுதான் பெரிய ஆபத்து என்பது என் கருத்து. அதற்கு என்னைப் போன்றவர்களும் ஒரு காரணம்.

என் பெரியம்மா மகள் ஜொகூரில் தோட்டத்தில் வளர்ந்து, கலியாணமாகி சிங்கப்பூருக்குப் போனவர். மார்பில் புற்றுநோய் என்று அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றி வந்தார்கள். மூன்றாம் தடவை போனபோது, இரத்தப் பரிசோதனையில் ஈரல் சரியில்லை என்று சிகிச்சையைத் தள்ளி வைத்துவிட்டார்கள்.

நான் பாலம் தாண்டிப் பார்க்கப் போனேன். சமையலறையில் அரிசி டின்னுக்குப் பின்னால் மூன்று போத்தல்கள் இருந்தன. ஒன்று, சிராங்கூன் ரோட்டுப் பக்கம் யாரோ வாங்கிக் கொடுத்த சூரணம். இன்னொன்று, ஊரிலிருந்து வந்த பெயர் இல்லாத மாத்திரை. மூன்றாவது, நம் தோட்டத்து உறவுக்காரர் அன்போடு கொண்டு போன பச்சிலைச் சாறு.

“டாக்டர்கிட்ட சொன்னீங்களாக்கா?” என்றேன்.

“சொன்னா ஏசுவாங்க தம்பி. எங்கம்மா கால்புண்ணுல பச்சிலை கட்டினதுக்கு, நீயே எல்லாரு முன்னாலயும் ஏசலையா?”

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அவர் சொன்னது உண்மை.

அடுத்த தவணைக்கு நானும் கூடப் போனேன். போத்தல்களை மேசைமேல் வைத்தோம். அந்தத் தாதி ஏசவில்லை. “இதனால என்ன நடக்கும்னு நெனச்சு சாப்பிடுறீங்க?” என்று மட்டும் கேட்டார். “பசி எடுக்கும், தெம்பு வரும்னாங்க” என்று சொல்லி அக்கா அழுதுவிட்டார். மூன்றையும் நிறுத்தச் சொன்னார்கள். சில வாரங்களில் ஈரல் சீராகி, சிகிச்சை மறுபடி தொடங்கியது. எந்தப் போத்தல் கெடுத்தது என்று டாக்டர் அடித்துச் சொல்லவில்லை. ஆனால் நாங்கள் சொல்லாமல் இருந்திருந்தால், பழியை ஆஸ்பத்திரி மருந்தின்மேல் போட்டு அதன் அளவைக் குறைத்திருப்பார்கள். நஷ்டம் அக்காவுக்குத்தான்.

நாம் விழுங்கும் மருந்துகளில் பலவற்றை ஈரல்தான் உடைத்து வெளியேற்றுகிறது. மூலிகைக்கும் அதே ஈரல்தான். இரண்டும் மோதினால் ஆஸ்பத்திரி மருந்து உடம்பில் தங்கி விஷமாகலாம். அல்லது வேலை செய்யாமலே போகலாம். மருந்து ஏற்றியபின் வெள்ளை அணுக்கள் குறையும். அப்போது காய்ச்சாத பச்சைச் சாற்றிலுள்ள கிருமி உயிருக்கே உலை வைக்கும். தேக்காவில் வாங்கும் மஞ்சள், இஞ்சி, பூண்டு குழம்பில் இருக்கட்டும், பயமில்லை. அதையே மாத்திரையாக அளவுக்கு மீறி விழுங்கினால், ஆபரேஷன் சமயத்தில் இரத்தப்போக்கு கூடலாம்.

பெயர் இல்லாத மாத்திரை இன்னும் மோசம். சொல்லாமல் ஸ்டீராய்டு கலந்த பொருள்களைப் பற்றி சிங்கப்பூர் சுகாதார அறிவியல் ஆணையம் பல தடவை எச்சரித்திருக்கிறது. ஸ்டீராய்டு பசியைக் கிளப்பும், வலியை மறைக்கும். “மருந்து பிடிச்சிடுச்சு” என்று நாம் மகிழ்ந்திருக்கும்போது, உடம்பின் எதிர்ப்புச் சக்தி உள்ளே கரைந்துகொண்டிருக்கும்.

மூலிகையை நான் இகழவில்லை. நம் வாசலில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்துதான் இரத்தப் புற்றுநோய்க்கு வின்கிறிஸ்டின் என்ற மருந்து எடுக்கிறார்கள். 1950களில் கனடா விஞ்ஞானிகள் இந்தச் செடியை ஆராயப் போய் வெளிவந்த மருந்து வரிசை அது. ஆனால் இலையைப் பிடுங்கி அரைத்துக் குடித்தால் அது விஷம். பிரித்து, அளந்து, சோதித்துக் கொடுத்தால்தான் மருந்து.

ஆஸ்பத்திரியையே விட்டுவிட்டு மாற்று மருத்துவத்தை மட்டும் நம்பியவர்களின் கதி என்ன? அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தார் 2018இல் வெளியிட்ட ஆய்வில் அப்படிப்பட்ட 281 பேரைக் கணக்கெடுத்தார்கள். முறையான சிகிச்சை பெற்றவர்களைவிட அவர்களுக்கு மரண ஆபத்து இரண்டரை மடங்கு. மார்பகப் புற்றுநோயில் ஐந்து மடங்குக்கும் மேல். தொடக்கத்தில் பிடித்தால் குணமாகக்கூடிய நோயை நாமே முற்ற விடலாமா?

ஆகவே நோயாளிகளுக்கு ஒரு வேண்டுகோள். சாப்பிடுவது எதுவானாலும் போத்தலோடு, பொட்டலத்தோடு எடுத்துப் போங்கள். பெயர் என்ன, யார் கொடுத்தது, எவ்வளவு, எந்நாள் முதல் என்ற நான்கையும் சொல்லுங்கள். பேச்சு வராவிட்டால் படித்த பிள்ளையைக் கூட்டிப் போங்கள். எண்ணெய் தேய்ப்பது, விரதம் இருப்பது, பத்தியம் பிடிப்பது எல்லாவற்றையும் சொல்லத்தான் வேண்டும்.

உறவுக்காரர்களே! பார்க்கப் போகும்போது மருந்து கொண்டு போகாதீர்கள். கஞ்சி கொண்டு போங்கள், துணைக்குப் போங்கள், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். அதுவும் வைத்தியம்தான்.

என் சக டிரஸர்களுக்கும் தாதியருக்கும் ஒரு வார்த்தை. பச்சிலையைக் கண்டதும் முகம் சுளிக்காதீர்கள். உயிர்ப்பயத்தில் இருக்கிறவர் கிடைத்த கொம்பைப் பிடிப்பார். நாம் ஒரு தடவை ஏசினால், அவர் அடுத்த தடவை ஒளிப்பார். ஒளித்ததற்கு நம்மிடம் மருந்து கிடையாது.

பெரியம்மாவிடம் நான் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். இனி என் டிஸ்பென்சரிக்கு யார் என்ன கஷாயத்தோடு வந்தாலும் ஏச மாட்டேன். கொண்டு வாருங்கள், உட்கார்ந்து பேசுவோம்.