‘ஸ்காட்ச்’ கவி?

மொழிபெயர்ப்புக் கட்டுரைகளில் ‘ஸ்காட்ச் கவி ராபர்ட் பர்ன்ஸ்’ என்ற தொடர் கண்ணில் படுந்தோறும் நாம் திடுக்கிடுகிறோம். வேறு சிலர் இந்தத் தொல்லையே வேண்டாமென்று அவரை ‘ஆங்கிலக் கவி’ ஆக்கிவிடுகிறார்கள். இரண்டுமே பிழை, இரண்டாவது பெரும்பிழை.

ஸ்காட்லாந்தில் இன்று ஒருவரை ஸ்காட்ச் என்று குறிப்பிட்டால் பெரும்பாலும் முகஞ்சுளிப்பார். மனிதர் ஸ்காட், மக்கள் ஸ்காட்ஸ், இலக்கியமும் சட்டமும் ஸ்காட்டிஷ். ஸ்காட்ச் என்பது விஸ்கிக்கும், பார்லி இட்ட சூப்புக்கும், இறைச்சி பொதிந்து பொரித்த முட்டைக்கும் மிஞ்சிய அடைமொழி. கவிஞரைப் புட்டியில் அடைப்பது என்ன நியாயம்?

‘பர்ன்ஸே அச்சொல்லை எழுதியிருக்கிறாரே’ என்பார்கள். உண்மைதான், வால்டர் ஸ்காட்டும் எழுதினார். அன்று அதில் இழிவில்லை. 1872இல் அமைந்த அரசுக் கல்வித்துறையின் பெயரிலேயே ஸ்காட்ச் இருந்தது. 1918இல்தான் அது ஸ்காட்டிஷ் ஆயிற்று. கனடாவின் ஒன்டாரியோவில் குடியேறிய ஸ்காட்லாந்து வழியினரோ தம்மை ஸ்காட்ச் என்றே சொல்லிக்கொண்டார்கள். இந்தியாவில் அமெரிக்கத் தூதராக இருந்த பொருளியலறிஞர் கால்பிரெய்த், அம்மக்களைப் பற்றி 1964இல் எழுதிய நூலுக்கு அதையே தலைப்பாக வைத்தார். அவர்கள் தமக்குச் சூட்டிக்கொண்ட பெயர் அது. எடின்பரோக்காரர் கைவிட்ட பெயரை அவர்மீது மீண்டும் சுமத்த நமக்கேது உரிமை? தவிர, 1786இல் கில்மார்னாக்கில் அச்சான தம் முதல் தொகுதியின் தலைப்பில் பர்ன்ஸ் இட்ட சொல் ‘ஸ்காட்டிஷ்’. நம் நண்பர்கள் முகப்பையாவது பார்த்திருக்கலாம்.

‘ஆங்கிலக் கவி’ என்பது பெரும்பிழை என்றோம். பர்ன்ஸ் ஆங்கிலத்திலும் எழுதியவரே. ஆனால் அவரை அவராக்கியவை ஸ்காட்ஸ் மொழிக் கவிதைகள். பழைய ஆங்கிலத்திலிருந்து தனிக்கிளையாக வளர்ந்த மொழி அது. அதை ஆங்கிலத்தின் கொச்சை என்று எண்ணி மொழிபெயர்ப்பவர், மூலம் எதுவென்றே அறியாமல் பேனாவை எடுக்கிறார். 1707இல் இரு நாடாளுமன்றங்களும் ஒன்றானபின் ஸ்காட்லாந்தியர் பிரித்தானியர் ஆனார்கள், ஆங்கிலேயர் ஆகவில்லை. எடின்பரோவில் பிறந்த டேவிட் ஹியூமை ‘ஆங்கிலத் தத்துவஞானி’ என்று எழுதும் மாணவருக்கு மதிப்பெண் குறைக்க நமக்குக் கை வருவதில்லை. அவர் படித்த கையேடு அப்படிச் சொல்கிறது. சென்னைத் தீவுத்திடல் அருகே குதிரைமேல் நிற்கும் தாமஸ் மன்றோ கிளாஸ்கோவில் பிறந்தவர். அவரையும் ‘ஆங்கிலேயர்’ என்றே எழுதிப் பழகிவிட்டோம்.

ஸ்காட்லாந்தியர், ஸ்காட்டியர் என்ற வடிவங்கள் தமிழில் இடறலின்றி நிற்கின்றன. மொழியைச் சொல்ல ஸ்காட்ஸ் போதும். ஆர்வமிகுதியால் விஸ்கியையும் யாரும் ‘ஸ்காட்டிய விஸ்கி’ என்று திருத்திவிடவேண்டாம். அங்கே ஸ்காட்ச் என்பது சட்டமே காக்கும் பெயர்.