மெகாபிக்சல் என்னும் மாயமான்

சிறிய டிஜிட்டல் கமரா ஒன்றை வாங்கப் புறப்படும் எவரும் முதலில் கேட்கும் கேள்வி, "இது எத்தனை மெகாபிக்சல்?" என்பதுதான். விற்பனையாளரும் அந்த எண்ணையே முதலில் சொல்கிறார். பெட்டியின் முகப்பிலும் அதுவே பெரிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கிறது. ஆனால், படத்தின் தரத்தைப் பற்றி அந்த எண் நமக்குச் சொல்லும் செய்தி மிகக் குறைவு.

கைத்தொலைபேசியே கமராவாகிவிட்ட காலத்தில் இதைப் பேசவேண்டிய தேவை என்ன என்று சிலர் வினவக்கூடும். தேவை இருக்கிறது. ஜப்பானியக் கமரா உற்பத்தியாளர் சங்கமான 'சீபா'வின் கணக்குப்படி, 2010 ஆம் ஆண்டில் வில்லை நிலையாகப் பொருத்தப்பட்ட கமராக்கள் 10 கோடிக்கும் அதிகமாக விற்பனைக்கு அனுப்பப்பட்டன. 2023 இல் அந்தத் தொகை 20 இலட்சத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. அத்துடன் கதை முடிந்துவிட்டது என்று பலரும் எண்ணியிருந்த வேளையில், இளந்தலைமுறையினர் மீண்டும் சிறிய கமராக்களைத் தேடத் தொடங்கியிருக்கிறார்கள். பெற்றோரின் அலுமாரியில் தூங்கிக் கிடந்த பழைய கமராக்களுக்கும் விலை வந்திருக்கிறது. இணையச் சந்தைகளில் பெயர் தெரியாத புதிய கமராக்களும் மலிவாகக் குவிந்து கிடக்கின்றன. ஆகவே, பழைய கேள்வி திரும்பவும் வந்திருக்கிறது. அதனோடு சேர்ந்து பழைய ஏமாற்றும் வந்திருக்கிறது.

முதலில் அந்த எண்ணின் பொருளைப் பார்ப்போம். ஒரு மெகாபிக்சல் என்பது பத்து இலட்சம் புள்ளிகள். படத்தின் நீளத்தில் உள்ள புள்ளிகளையும் அகலத்தில் உள்ள புள்ளிகளையும் பெருக்கினால் வருவது இந்தத் தொகை. இது பரப்பளவின் கணக்கு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 12 மெகாபிக்சல் 24 ஆக உயர்ந்தால் படத்தின் நுணுக்கம் இரு மடங்காகிவிடாது. நீளவாக்கில் பார்த்தால் அது ஏறத்தாழ 1.4 மடங்கு மட்டுமே. உண்மையிலேயே இரு மடங்கு நுணுக்கம் வேண்டுமானால் புள்ளிகள் நான்கு மடங்காக வேண்டும்.

நமக்கு எத்தனை புள்ளிகள் தேவைப்படுகின்றன? வீட்டு அல்பத்தில் ஒட்டும் 6க்கு 4 அங்குலப் படத்தை, அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்னும் உயர்ந்த தரத்தில் அச்சிட 2.2 மெகாபிக்சல் போதும். 10க்கு 8 அங்குலப் படத்துக்கு 7.2 மெகாபிக்சல். இன்றைய 4கே தொலைக்காட்சித் திரை முழுவதையும் நிரப்ப 8.3 மெகாபிக்சல். பத்திரிகைத் தாளின் கதை இன்னும் வேடிக்கையானது. அங்குலத்துக்கு 85 முதல் 100 கோடுகள் என்னும் அளவில் அச்சாகும் செய்தித்தாளில், அதே 6க்கு 4 அங்குலப் படம் ஒரு மெகாபிக்சலுக்குள் அடங்கிவிடும். முதற்பக்கத்தில் இடம்பிடித்து வாசகரின் மனதை உலுக்கிய படங்கள் பல, இன்று கடையில் நம்மிடம் காட்டப்படும் எண்களின் அருகில்கூட வராதவை.

அப்படியாயின் படத்தின் தரம் எதில் தங்கியிருக்கிறது? முதலாவது, சென்சர் எனப்படும் ஒளியுணரியின் பரப்பு. பழைய 35 மில்லிமீற்றர் படச்சுருளின் ஒரு சட்டகம் 36க்கு 24 மில்லிமீற்றர். அதாவது 864 சதுர மில்லிமீற்றர். மலிவான சிறிய கமராக்களில் பெரும்பாலும் காணப்படும் '1/2.3 அங்குல' உணரியின் பரப்பு சுமார் 28 சதுர மில்லிமீற்றர் மட்டுமே. சுண்டுவிரல் நகத்திலும் சிறியது. '1 அங்குல' உணரி என்று அழைக்கப்படுவது 13.2க்கு 8.8 மில்லிமீற்றர், 116 சதுர மில்லிமீற்றர். அதன் எந்தப் பக்கமும் ஓர் அங்குலம் இல்லை. பழைய தொலைக்காட்சிக் கமராக் குழாய்களின் வெளிவிட்டத்தைக் கொண்டு அளவைக் குறித்த வழக்கம் இன்றும் தொடர்வதே இதற்குக் காரணம். ஆகவே அங்குலக் கணக்கை நம்பாமல் மில்லிமீற்றர் கணக்கைக் கேட்டறிவதே நல்லது.

யாழ்ப்பாணத்தில் காணியைப் பரப்புக் கணக்கில் அளப்பவர்களுக்கு இதை விளக்குவது எளிது. ஒரு பரப்புக் காணியைப் பத்தாகப் பிரித்தாலும் இருபதாகப் பிரித்தாலும் காணி பெருகுவதில்லை, துண்டுகள்தாம் சிறுக்கின்றன. சிறிய உணரியில் புள்ளிகளை நெருக்குவதும் அவ்வாறானதே. உணரியின் மேல் விழும் மொத்த ஒளி கூடுவதில்லை. பகல் வெளிச்சத்தில் இந்தக் குறை தெரியாது. மாலையிலும், வீட்டுக்குள்ளும், கோயில் மண்டபத்திலும் அது வெளிப்பட்டுவிடும். ஒளி போதாமையால் படத்தில் மணல் தூவியது போன்ற பொருக்கு எழும். அதை மறைப்பதற்காகக் கமரா தானாகவே படத்தை மழுப்பும். அப்போது கண்ணிமையும் தலைமுடியும் சேலைக்கரையும் ஒன்றாகக் குழம்பி, மனித முகம் மெழுகுப் பொம்மையின் முகமாக மாறிவிடும்.

இதை உற்பத்தியாளர்கள் அறியாதவர்கள் அல்லர். கெனன் நிறுவனம் 2008 இல் வெளியிட்ட 'ஜி10' கமராவில் 14.7 மெகாபிக்சல் இருந்தது. அதற்கு அடுத்ததாக 2009 இல் வந்த 'ஜி11' கமராவில், அதே அளவு உணரியில் எண்ணிக்கை 10 ஆகக் குறைக்கப்பட்டது. குறைந்த ஒளியில் சிறந்த படம் எடுப்பதே அதன் நோக்கம். அதற்கு முன்னரே, 2006 இல், ஃபியூஜிஃபில்ம் நிறுவனத்தின் 'எஃப்31எஃப்டி' வெறும் 6 மெகாபிக்சலுடன் வந்து, இரவுப் படங்களுக்கு நற்பெயர் ஈட்டியது. அதே ஆண்டில் 10 மெகாபிக்சல் கமராக்களும் கடையில் இருந்தன. 2012 இல் சொனி 'ஆர்எக்ஸ்100' என்ற கமராவில் 1 அங்குல உணரியைச் சட்டைப்பைக்குள் அடக்கிக் காட்டியபோது, எதைப் பெருக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் விளங்கியது. ஆயினும் விளம்பரங்கள் மட்டும் பழைய பல்லவியையே பாடிக்கொண்டிருக்கின்றன. உணரியின் பரப்பை விளக்க ஒரு பக்கம் வேண்டும். மெகாபிக்சலைச் சொல்ல ஓர் எண் போதும்.

இன்று இணையச் சந்தைகளில் நடப்பது அதனினும் மோசமானது. 48 மெகாபிக்சல், 64 மெகாபிக்சல் என்று கூவி விற்கப்படும் மலிவான கமராக்கள் பலவற்றில் உள்ளே இருக்கும் உணரி, அந்த எண்ணிக்கையின் ஒரு சிறு பங்கைக்கூட உண்மையில் பதிவு செய்வதில்லை. இல்லாத புள்ளிகளைக் கமராவே ஊகித்து இடையில் நிரப்புகிறது. கோப்பின் அளவு பெருக்கிறது. அதற்குள் இருக்கும் செய்தி பெருகுவதில்லை. பாலில் தண்ணீர் கலந்து படி அளப்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு இவற்றை வாங்கிக் கொடுக்கும் பெற்றோர் இதனை அறிந்திருத்தல் வேண்டும்.

இரண்டாவது, லென்ஸ் எனப்படும் வில்லை. அதன் விளிம்பில் எஃப் 1.8, எஃப் 3.6 என்பன போன்ற எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். எண் சிறிதாயின் துவாரம் பெரிது. எஃப் 1.8 வில்லை, எஃப் 3.6 வில்லையைப் போல நான்கு மடங்கு ஒளியை உள்ளே விடும். தூரத்துப் பொருளை அருகே இழுக்கும்போது பல சிறிய கமராக்களில் இந்த எண் 6 ஐயும் தாண்டிவிடுகிறது. முப்பது மடங்கு இழுக்கும் என்று பெருமைப்படும் கமரா, மாலை நேரத்துத் தேரடியில் கைவிடுவது இதனாலேயே. 'டிஜிட்டல் சூம்' என்று எழுதியிருப்பதைக் கணக்கில் எடுக்கவே வேண்டாம். அது படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெருப்பிப்பது மட்டுமே. வில்லையே நகர்ந்து செய்யும் 'ஒப்டிகல் சூம்' ஒன்றுதான் மெய்யானது.

மூன்றாவது, நிறம். இதைப் பற்றி நம்மவர்கள் போதிய அளவு பேசுவதில்லை. படச்சுருள் காலத்தில், நிறங்களைச் சரிபார்ப்பதற்காகக் கொடாக் நிறுவனம் ஆய்வுகூடங்களுக்கு ஒரு மாதிரிப் படத்தை அனுப்பி வந்தது. அதில் இருந்தவர் ஒரு வெள்ளைப் பெண்மணி. 'ஷேர்லி அட்டை' என்று அது அழைக்கப்பட்டது. அவரின் தோல் நிறம் சரியாக வந்தால் படம் சரி. கறுத்த, மாநிறத் தோல்கள் எவ்வாறு வருகின்றன என்பது அளவுகோலாக இருக்கவில்லை. பல இனத்தவரைக் கொண்ட அட்டைகள் 1990களிலேயே வந்தன. கனடாவின் கொன்கோர்டியா பல்கலைக்கழகப் பேராசிரியர் லோர்னா றோத் இதனை ஆராய்ந்து 2009 இல் எழுதியிருக்கிறார். 2021 இல்கூட, கருந்தோல் முகங்களை உண்மையான நிறத்தில் காட்டுவதைக் கூகுள் நிறுவனம் தனது 'பிக்சல் 6' தொலைபேசியின் தனிச்சிறப்பாக அறிவிக்க வேண்டியிருந்தது. அந்த அளவுக்கு அந்தக் குறை நீடித்திருந்தது.

ஆகவே, விளம்பரக் கையேட்டில் உள்ள மாதிரிப் படங்களைப் பார்த்து எதையும் தீர்மானிக்க வேண்டாம். பனிமலையும் நீலக்கடலும் எந்தக் கமராவிலும் அழகாகத்தான் இருக்கும். நமக்கு வேண்டிய சோதனை வேறு. உச்சி வெயிலில் வெள்ளை வேட்டியுடன் நிற்கும் ஒரு கறுத்த மனிதரின் முகமும் வேட்டியின் மடிப்பும் ஒரே படத்தில் தெரிகின்றனவா? மணவறை வெளிச்சத்தில் சிவப்புக் கூறைச்சேலையின் இழைகள் தெரிகின்றனவா, அல்லது அது ஒரே சிவப்புக் கறையாகத் திரண்டு போகிறதா? குத்துவிளக்கின் அருகில் நிற்கும் முகம் மஞ்சளாகிவிடுகிறதா? நாம் எடுக்கப்போகும் படங்கள் இவையே. சோதனையும் இவற்றிலேயே அமைய வேண்டும்.

கடையில் செய்யக்கூடியது என்ன? உங்கள் நினைவட்டையைக் கையோடு கொண்டு செல்லுங்கள். அனுமதி பெற்று, கடைக்குள் இருக்கும் வெளிச்சத்திலேயே, மின்வெட்டொளி இல்லாமல், உடன் வந்தவரின் முகத்தை ஐஎஸ்ஓ 400, 800, 1600 என்ற அளவுகளில் எடுங்கள். எழுத்துள்ள பெட்டியொன்றைச் சட்டகத்தின் மூலையில் வைத்தும் ஒரு படம் எடுங்கள். அதே காட்சிகளை உங்கள் தொலைபேசியிலும் எடுங்கள். கமராவின் பின்புறத் திரையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். அந்தச் சிறு திரையில் எல்லாப் படமும் கூர்மையாகவே தெரியும். வீட்டுக்கு வந்து கணனித் திரையில் நூறு வீத அளவில் பாருங்கள். புருவ மயிர் தனித்தனியாகத் தெரிகிறதா, மூலையில் உள்ள எழுத்து வாசிக்கக்கூடியதா, வெளிச்சத்தின் விளிம்பில் ஊதாக் கோடு ஓடுகிறதா என்று கவனியுங்கள். இணையத்தில் வாங்குவதாயின், திருப்பி அனுப்பும் வசதி இருக்கிறதா என்பதை முதலில் உறுதி செய்துகொண்டு, பொருள் வந்த அன்றே இச்சோதனையைச் செய்யுங்கள்.

தொலைபேசியோடு ஒப்பிடச் சொன்னதற்குக் காரணம் உண்டு. இன்றைய நல்ல தொலைபேசி ஒரு நொடிக்குள் பல படங்களை எடுத்து, அவற்றை ஒன்றாக இணைத்துப் பொருக்கைக் குறைக்கிறது. சிறிய உணரி கொண்ட மலிவான கமரா மங்கிய ஒளியில் அதனிடம் தோற்பது வழமை. அப்படித் தோற்கும் கமராவுக்கு, மெய்யான சூம் தேவைப்பட்டாலன்றிப் பணம் செலவழிப்பதில் பயனில்லை. 1 அங்குலமோ அதற்கு மேற்பட்டதோ ஆன உணரியும் ஒளி நிறைந்த வில்லையும் உள்ள கமராவை வாங்க வசதி இல்லையெனில், கையில் உள்ள தொலைபேசியே போதும் என்பது என் கருத்து.

பழைய கமராவின் மங்கலும் மின்வெட்டொளியின் கடுமையுமே தமக்குப் பிடித்தவை என்று சொல்லும் இளைஞர்களோடு எனக்கு வழக்கில்லை. அது சுவை, சுவைக்கு வாதம் ஏது? ஆனால் ஒரு குடும்பத்தின் வரலாற்றைப் பதிந்து வைக்கப் போகிறவர் அந்தச் சுவையை மட்டும் நம்பியிருக்கக் கூடாது.

இதை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. போரிலும் இடப்பெயர்விலும் அல்பங்களை இழந்த குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் தொடங்கி, ஆண்டுக்கணக்கில் நடத்திய போராட்டத்தைப் படங்களில் பார்த்தவர்கள், அந்தத் தாய்மாரின் கைகளில் இருந்த புகைப்படங்களையும் பார்த்திருப்பார்கள். அடையாள அட்டைக்கு எடுத்த படம் ஒருவருக்கு. ஏதோ ஒரு விழாவில் கூட்டத்தோடு நின்றபோது எடுத்த படம் இன்னொருவருக்கு. அவற்றைப் பெருப்பிக்கும்போது முகம் முகமாக நிற்கிறதா, புள்ளிகளாகச் சிதறிவிடுகிறதா என்பது, படம் எடுத்த கணத்தில் இருந்த ஒளியிலும் வில்லையிலும் தங்கியிருக்கிறது. பின்னர் எந்த மென்பொருள் கொண்டு அழகுபடுத்தினாலும், பதிவாகாத ஒரு முகத்தை மீட்க முடியாது. ஊகித்து வரையத்தான் முடியும்.

எனவே, கமரா வாங்கச் செல்லும்போது கேள்வியை மாற்றிக் கேளுங்கள். "எத்தனை மெகாபிக்சல்?" என்று கேட்காமல், "உணரி எத்தனை மில்லிமீற்றர்? வில்லையின் எஃப் எண் என்ன? இந்த வெளிச்சத்தில் ஒரு முகத்தை எடுத்துப் பார்க்கலாமா?" என்று கேளுங்கள். வாங்கிய பின்னர் மூலக் கோப்புகளை இரண்டு இடங்களில் சேமித்து வையுங்கள். வட்ஸ்அப்பில் வழமையான முறையில் அனுப்பும் படம் சுருக்கப்பட்டே போய்ச் சேர்கிறது. அதையே ஒரே பிரதியாக வைத்திருக்க வேண்டாம். முக்கியமான சில படங்களையாவது நல்ல தாளில் அச்சிட்டு, பின்புறத்தில் பெயரையும் திகதியையும் எழுதி வையுங்கள்.