ஸ்பிரிங்கை மட்டும் மாத்திடாதீங்க!

வார நாளில் ஆபீஸ். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு செஞ்சிக் கோட்டை, அப்படியே சீயமங்கலத்தில் மகேந்திரவர்மப் பல்லவனின் குடைவரைக் கோயில். வாய்ப்புக் கிடைத்தால் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் நாலு ரவுண்டு. ஒரே காரில் இத்தனையும் வேண்டும் என்பவர்கள் முதலில் கைவைப்பது முன்பக்க சஸ்பென்ஷனில்தான். பலர் செய்யும் தவறு, உயரம் குறைந்த ஸ்பிரிங்கை மட்டும் மாட்டுவது.

ஸ்விஃப்ட், போலோ போன்ற கார்களில் முன்னால் இருப்பது மெக்பர்சன் ஸ்ட்ரட். ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்த அமைப்பு. காரைத் தாழ்த்தினால், ஷாக் அப்சார்பர் அமுங்குவதற்கான இடம் குறைந்துவிடும். பள்ளத்தில் இறங்கினால் 'டொம்' என்று இடிக்கும். அதுவே வளைவில் நடந்தால், டயர் பிடியை இழக்கும்.

சரி, எந்த வரிசையில் மாற்றலாம்?

1. தேய்ந்த லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட், ஸ்ட்ரட் மவுன்ட்.

2. தரமான டயர்.

3. பழைய உயரத்திலேயே, சற்று இறுக்கமான ஷாக் அப்சார்பர். இடது, வலது இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

4. ஸ்பிரிங் கடைசியில்தான், அதுவும் பொருத்தமான ஷாக் அப்சார்பரோடு.

வேலை முடிந்ததும் வீல் அலைன்மென்ட் கட்டாயம். சக்கரத்தின் மேல்பகுதி உள்பக்கம் அதிகம் சாய்ந்தால் டிராக் வளைவில் பிடி கூடும். ஆனால் தினசரி ஓட்டத்தில் டயரின் உள்விளிம்பு சீக்கிரம் தேயும்.

மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, ஆர்.சி விவரங்களுக்கு முரணான மாற்றங்களை அனுமதிப்பதில்லை. எனவே, ஆர்.டி.ஓ அலுவலகத்திலும் இன்ஷூரன்ஸ் நிறுவனத்திலும் கேட்டுவிட்டு ஸ்பேனரை எடுங்கள். டிராக்கில் நீங்கள் மட்டும்தான். செஞ்சி ரோட்டில் பின்சீட்டில் குழந்தைகளும் இருப்பார்கள்!