பூட்டி வைத்தால் காப்பாற்றினது ஆகுமா?

இறுதி வருட ஆய்வேட்டுக்காக நாங்கள் மூன்று பேர் ஒரு பல்கலைக்கழகச் சுவடிக்கூடத்துக்குப் போனோம். பட்டியல் அட்டையில் 18ஆம் நூற்றாண்டு அச்சுநூல் ஒன்றின் பெயர் இருந்தது. துறைத் தலைவரின் கடிதத்தைக் கொடுத்தோம். பொறுப்பானவர் வாசித்துவிட்டுத் திருப்பித் தந்தார். "இளங்கலைப் பிள்ளையளுக்கு உதெல்லாம் திறந்து காட்டுறேல்ல. தொட்டா உடைஞ்சு போயிடும். நெற்றில பி.டி.எஃப் இருக்கும், அது காணும்தானே?"

காணாது. ஏன் காணாது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறோம்.

முதலில் இந்த 'உடைஞ்சு போயிடும்' கதை. அந்தக் காலத்து ஐரோப்பியத் தாள் கந்தல் துணியில் செய்தது. பூச்சியும் ஈரமும் படாமல் இருந்தால், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்த மரக்கூழ்த் தாளை விட அது உறுதியானது. தொட்டால் நொறுங்குவது பெரும்பாலும் எங்கட தாத்தா காலத்துப் பத்திரிகைதான். கறையானும் இராமபாணப் பூச்சியும் மாணவர் திறந்து பார்க்கிற நூலை விட, வருடக்கணக்காக யாருமே திறக்காத அலுமாரியைத்தான் விரும்பும்.

சரி, நேரில பார்த்து என்ன கிடைக்கப் போகுது? தாளை வெளிச்சத்தில் பிடித்தால் நீர்க்குறி தெரியும். அது எந்த ஆலைத் தாள் என்று தேட அங்கேயிருந்து தொடங்கலாம். தையலைப் பார்த்தால் எந்தப் பக்கம் பிறகு சேர்த்தது என்று விளங்கும். யாரோ ஒருவர் ஓரத்தில் மையால் எழுதிய குறிப்பு ஸ்கேனில் வெட்டுப்பட்டுப் போயிருக்கலாம், நூலில் அப்படியே இருக்கும்.

சொற்களிலும் வரலாறு கிடக்கிறது. 1578இல் கொல்லத்தில் அச்சான நூலின் பெயர் 'தம்பிரான் வணக்கம்'. கத்தோலிக்கப் பாதிரியாரான அன்றிக் அடிகளார், சைவ மடங்களிலும் வழங்குகிற ஒரு சொல்லைத் தன் கடவுளுக்கு எடுத்துக்கொண்டார். 1714, 1715இல் தரங்கம்பாடியில் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட சீகன்பால்க் 'சருவேசுரன்' என்றார். அவருக்குப் பின் வந்த பப்ரிசியுஸ் 'பராபரன்' என்றார். ஒவ்வொரு தெரிவுக்கும் பின்னால் ஒரு சண்டையும் ஒரு சமரசமும் இருக்கு. கொழும்பில் ஒல்லாந்தர் 1730களில் அச்சகம் தொடங்கினார்கள். பிலிப் டி மெல்லோவின் தமிழ்ப் புதிய ஏற்பாடு 1759இல் கொழும்பில் வெளிவந்தது. அவர் என்ன சொல்லைத் தெரிந்தார், தரங்கம்பாடியோடு எங்கே முரண்பட்டார்? இது ஒரு நல்ல ஆய்வேடு. ஆனால் நாங்கள் என்ன செய்கிறோம்? '1578, கொல்லம், 16 பக்கம்' என்று பாடமாக்கிச் சோதனையில் எழுதிவிட்டு வாறம்.

இதில் எங்கட பிழையும் இருக்கு. முதல் அச்சுநூல்களில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இல்லை. எ, ஏ என்ற வேறுபாடு இல்லை. காலும் ரகரமும் ஒரே வடிவம். பழகாமல் வாசிக்க ஏலாது. பழக நாங்கள் கேட்கவுமில்லை, பீடம் சொல்லித் தரவுமில்லை. மேலண்ணாமாரின் ஆய்வேட்டில் இருந்து அடிக்குறிப்போடு சேர்த்துக் கொப்பி அடிக்கிறதுதான் எங்களுக்குச் சுகம்.

பொறுப்பானவர்களின் பயம் பொய்யில்லை. நூல் களவு போறதும் பிளேட்டால் பக்கம் வெட்டுறதும் நடக்கிற காரியங்கள்தான். அதற்கு ஒழுங்குமுறை இருக்கு. பை வெளியே, பேனை வேண்டாம், பென்சில் மட்டும், ஒரு நேரத்தில் ஒரு நூல், முதுகு முறியாமல் கீழே தலையணை, பக்கத்தில் ஒரு அலுவலர். வெள்ளைக் கையுறைகூடத் தேவையில்லை. கழுவித் துடைத்த கை போதும், கையுறை போட்டால் விரலுக்குத் தாளின் மெல்லிசு தெரியாமல் கிழியத்தான் வாய்ப்புக் கூட. இதுக்குக் கோடி ரூபாய் வேணுமா?

'1981இல எங்களுக்கு நடந்தது தெரியாதா, அதாலதான் கவனமாக இருக்கிறம்' என்றும் சொல்கிறார்கள். தெரியும். யாழ்ப்பாண நூலகத்தில் சுமார் 97,000 நூல்கள் எரிந்தன. ஆனால் அந்தத் தீ சொன்ன பாடம் இன்னும் இறுக்கிப் பூட்டு என்பதல்ல. ஒரே இடத்தில் ஒரே பிரதியை நம்பி இருக்காதே, பலரை வாசிக்க விடு, படியெடு என்பதுதான். 2005இல் தொடங்கிய 'நூலகம்' எண்ணிம நூலகம் அந்தப் பாடத்தைப் படித்தது. ஸ்கேன் பண்ணுவது நல்லது. ஸ்கேன் பண்ணியாச்சு, இனிப் பெட்டியை மூடு என்பதுதான் பிழை.

நாங்கள் கேட்பது மூன்று. என்ன நூல் இருக்கு என்ற பட்டியலை எல்லோரும் பார்க்க விடுங்கள். கிழமையில் ஒரு பின்னேரம் இளங்கலை மாணவருக்கு ஒதுக்குங்கள். பழைய அச்சை வாசிக்க ஒரு பாடநெறி வையுங்கள்.

அடுத்த கிழமை அதே கடிதத்தோடு திரும்பவும் போறம். நீங்களும் உங்கட வளாகத்தில் போய்க் கேளுங்கோ. ஒருத்தரும் கேட்டு வாறேல்ல என்ற சாட்டையாவது இல்லாமல் செய்வோம்.