எண்ணெய் எவர்க்கு? இழப்பு எவர்க்கு?

இருவர் உறவு முறிந்தால் மூன்றாமவன் கடையில் வணிகம் பெருகும். 2022 பிப்பிரவரியில் உருசியா உக்கிரைன்மீது படையெடுத்தது. உருசிய எரியாற்றலை நம்பி வாழ்ந்த ஐரோப்பிய ஒன்றியம், அவ்வாண்டு திசம்பர் 5 முதல் கடல்வழி வரும் உருசியக் கரட்டு எண்ணெயைத் தடுத்தது. விலை தாழ்ந்த அவ்வெண்ணெயை இந்தியா வாரிக்கொண்டது. போருக்குமுன் இந்திய எண்ணெய் இறக்குமதியில் இரண்டு விழுக்காட்டளவே இருந்த உருசியப் பங்கு, 2023-இல் மூன்றிலொன்றைத் தாண்டியது. குசராத்துச் சாம்நகரில் தூய்மையாக்கப்பெற்ற டீசல் ஐரோப்பாவுக்கே கப்பலேறியது.

இப்பெருவணிகத்தால் வில்லியனூர் உழவன் பெற்றது என்ன? உலக விலை ஏறியபோது உள்நாட்டு விலையை ஏற்றாமல் காத்தோம் என்பர் தில்லியார். அஃது ஓரளவு மெய்யே. ஆனால், உலக விலை தணிந்த பின்னரும் அவன் உழுவுந்துக்கு ஊற்றும் டீசலின் விலை தணியவில்லை. 2024 மார்ச்சில், தேர்தல் வாயிலில் நின்றபோது, உருபா 2 குறைத்தனர். அவ்வளவே!

ஊதியத்தில் பங்கில்லை; தண்டத்திலோ முதற்பங்கு! உருசிய எண்ணெய் வாங்கியமைக்காக 2025 ஆகசுட்டு 27 முதல் அமெரிக்கா கூடுதலாக 25 விழுக்காடு வரி விதித்தது. மொத்த வரி 50 விழுக்காடாயிற்று. அடி விழுந்த இடம் சாம்நகர் அன்று; அமெரிக்கச் சந்தையை நம்பிய திருப்பூர்ப் பின்னலாடைத் தொழில்.

இச்செய்தி பாகூருக்கு அயலானதன்று. புதுவை மண்ணுக்கடியில் ஏறத்தாழ 41 கோடித் தொன் பழுப்பு நிலக்கரி உண்டென்று நடுவணரசின் கணக்கே கூறுகிறது. அது கிடக்குமிடம் பாகூர் வட்டாரம். ஏரிப் பாசனத்தால் நெல் விளையும் புதுவையின் நெற்களஞ்சியம். உலகில் எரியாற்றல் உறவு மாறுந்தோறும் உள்நாட்டுக் கரிமீது அரசுகளின் கண் விழும். கரி எடுக்க நிலத்தடி நீரை ஓயாது இறைக்க வேண்டும் என்பதை நெய்வேலி காட்டிவிட்டது. விளைந்து நின்ற நெற்பயிர்மேல் மண்வாரி ஏறுவதை 2023 சூலையில் வளையமாதேவி கண்டது.

மாநிலத் தகுதியுமற்ற புதுவைக்குத் தன் மண்ணைப்பற்றி இறுதிச் சொல் சொல்லும் உரிமை இல்லை. எனினும், மக்கள் குரலுக்கு வலிமையுண்டு. வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்புக் கிழக்கு ஆகிய நிலக்கரித் தொகுதிகளைத் தமிழகத்தின் எதிர்ப்புக்குப்பின் 2023 ஏப்பிரலில் தில்லி ஏலத்தினின்று நீக்கியது.

வணிகம் வேண்டாமென்பார் இலர். மண் எவருடையதோ, அவரைக் கேளாது அம்மண்ணின் வளத்தை விலைபேசலாகாது என்பதே கோரிக்கை. ஏலம் அறிவித்தபின் எழுவதைவிட, இன்றே பாகூரும் வில்லியனூரும் ஊர்தோறும் கூடி இதனை உரத்துச் சொல்லட்டும்!