லண்டனில் மகன், புதுப்பட்டியில் கடன்!

"சாப்பிட்டியாய்யா?"

"சாப்பிட்டாச்சும்மா!"

கடல் கடந்து படிக்கப் போகும் பிள்ளைகள் வீட்டுக்குச் சொல்லும் முதல் பொய் இதுதான்.

சிவகாசி வட்டாரத்தில் எம். புதுப்பட்டி என்று ஓர் ஊர். சுற்றிலும் பட்டாசு ஆலைகள். விடிந்தால் ஆணும் பெண்ணும் தூக்குச்சட்டியோடு வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். அங்கே ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். அப்பா மருந்து செலுத்தும் வேலை செய்கிறார். அம்மா திரி வெட்டுகிறார். வீட்டுப் பத்திரம் பாங்கியில் இருக்கிறது. மகன் லண்டனில் எம்.எஸ்ஸி. படிக்கிறான்.

மகன் கடைக்குப் போகிறான். ரொட்டியின் விலையைப் பார்க்கிறான். பவுண்டை ரூபாயாக மாற்றுகிறான். அம்மாவின் கூலி நினைவுக்கு வருகிறது. ரொட்டியை இருந்த இடத்தில் வைத்துவிட்டு வெறுங்கையோடு திரும்புகிறான்.

நல்ல பிள்ளைதான். ஆனால், அவன் செய்வதற்குச் சிக்கனம் என்று பெயர் இல்லை. பட்டினி என்று பெயர்!

பட்டினி கிடக்கிறவன் பாடத்தில் தவறுவான். பாடத்தில் தவறினால் மறுபடியும் பணம் கட்ட வேண்டும். ரொட்டியில் மிச்சம் பிடித்தது அதில் போய்விடும். வாடகையில் மிச்சம் பிடிக்கலாம். பஸ் செலவில் பிடிக்கலாம். வயிற்றில் பிடிக்கக் கூடாது.

முந்திப் போனவர்கள்

வெளியூர் போய்ப் படித்து வருவது இந்த வட்டாரத்துக்குப் புதிது அல்ல. 1922-ம் ஆண்டில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போனார்கள். பாஷை தெரியாத ஊர். எட்டு மாதம் தங்கித் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். சிவகாசியின் இன்றைய பிழைப்பு அந்த எட்டு மாதத்தில் முளைத்தது.

ஆனால், பணக் கணக்கு விஷயத்தில் பாடம் கேட்க வேண்டுமானால் லண்டனுக்குத்தான் போக வேண்டும். அங்கே ஒரு மாணவர் இருந்தார். பெயர் மோகன்தாஸ் காந்தி!

1888 செப்டம்பரில் கப்பல் ஏறியபோது அவருக்கு 19 வயது நிரம்பவில்லை. பணம் அனுப்பியவர் அண்ணன். லண்டனைக் கண்டதும் தம்பிக்குத் தலை சுற்றியது. 19 ஷில்லிங்குக்குத் தொப்பி வாங்கினார். பெரிய கடைத் தெருவில் 10 பவுண்டுக்கு உடுப்பு தைத்தார். நடனம் கற்க 3 பவுண்டு கட்டினார். தாளம் பிடிபடவில்லை. சங்கீதம் வந்தால் தாளம் வரும் என்று பிடில் ஒன்று வாங்கினார். அதற்கு இன்னொரு 3 பவுண்டு! (காந்திஜி பிடிலோடு நிற்பதை நினைத்தால் சிரிப்பு வருகிறது அல்லவா? அவரே இதை மறைக்காமல் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.)

சில மாதத்தில் மயக்கம் தெளிந்தது. நடனம் நின்றது. பிடிலை விற்றார். பிறகு கணக்கு நோட்டைக் கையில் எடுத்தார்.

பஸ் கட்டணம், தபால் தலை, பத்திரிகைக்குக் கொடுத்த சில்லறைக் காசு எல்லாவற்றையும் எழுதினார். இரவு படுக்கும் முன் கணக்கை நேர் செய்தார். ஒரு குடும்பத்தோடு தங்கியிருந்ததை விட்டுத் தனி அறைக்கு மாறினார். நடந்தே போகிற தூரத்தில் இடம் பார்த்தார். பஸ் காசு மிஞ்சியது. தினமும் எட்டு, பத்து மைல் நடந்ததில் உடம்பும் உறுதிப்பட்டது.

பிறகும் அண்ணனை நினைத்தால் மனசு உறுத்தியது. இரண்டு அறையை ஒன்றாகக் குறைத்தார். அடுப்பு ஒன்று வாங்கினார். காலையில் ஓட்ஸ் கஞ்சியும் கோகோவும் தாமே காய்ச்சிக்கொண்டார். அதற்கு 20 நிமிஷம்தான் ஆனது. மத்தியானம் மட்டும் வெளியே சாப்பாடு. நாளைக்கு 1 ஷில்லிங் 3 பென்சில் காலம் ஓடியது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அதே லண்டனில் இன்னும் ஏழை மாணவர் ஒருவரைப் பற்றி அவர் கேள்விப்பட்டார். குடிசைப் பகுதியில், வாரம் 2 ஷில்லிங் அறையில், கோகோவும் ரொட்டியுமாக அந்த மாணவர் வாழ்ந்தார். அவரைப் போல் வாழ காந்தி துணியவில்லை. அறையைக் குறைத்தார், அடுப்பை மூட்டினார். பட்டினி கிடக்கவில்லை.

ஊரிலேயே செய்ய வேண்டிய கணக்கு

இன்றைக்கு வருவோம். லண்டனில் படிக்க வருகிறவர் செலவுக்கு மாதம் 1,483 பவுண்டு வீதம் 9 மாதப் பணம் காட்ட வேண்டும் என்று 2025 ஜனவரியில் பிரிட்டன் அரசு விதித்தது. லண்டனுக்கு வெளியே என்றால் 1,136 பவுண்டு போதும் என்றது. வித்தியாசம் மாதம் 347 பவுண்டு. 9 மாதத்துக்கு 3,123 பவுண்டு! கல்லூரிக் கட்டணம் இதில் சேராது.

ரொட்டியைத் திருப்பி வைத்து இந்தப் பணத்தை எந்தப் பிள்ளையும் மிச்சம் பிடிக்க முடியாது. ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது பிடிக்கலாம். "என் மகன் லண்டனில் இருக்கிறான்" என்று சொல்லிக்கொள்ளும் பெருமைக்கு இது கொஞ்சம் கூடுதல் விலை அல்லவா? ஜெர்மனியில் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் படிப்புக் கட்டணமே இல்லை. செலவுக்கு மட்டும் ஆண்டுக்கு 11,904 யூரோ கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும் என்று 2024-ல் விதித்தார்கள். ஏஜெண்டு பேச்சை மட்டும் கேட்டுக் கையெழுத்துப் போடும் பெற்றோர் இதையும் விசாரிக்க வேண்டும். ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர் அயல்நாட்டில் மேல்படிப்புப் படிக்க அரசு உதவித்தொகையும் உண்டு. அதையும் கேட்டுப் பார்க்கலாம்.

பவுண்டை ரூபாயாக மாற்றிப் பார்ப்பதற்கு ஒரு நேரம் உண்டு. கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் நேரம் அது. சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்த பிறகு மாற்றக் கூடாது.

கடனுக்கு வட்டி, படிக்கிற காலத்திலும் ஏறிக்கொண்டுதான் இருக்கும். பட்டாசுத் தொழிலோ ஆண்டுக்கு ஆண்டு ஒரே மாதிரி இருப்பதில்லை. 2018-ல் சுப்ரீம் கோர்ட்டு பேரியம் கலந்த வெடிகளுக்கும் சரவெடிக்கும் தடை போட்டது. அதன் பிறகு வேலை குறைந்த வீடுகள் எத்தனை என்று புதுப்பட்டிப் பக்கத்தில் கேட்டால் தெரியும். அப்பா இதை மகனிடம் மறைக்கிறார். மகன் பசியை அப்பாவிடம் மறைக்கிறான். இருவரும் மாசம் ஒரு நாள் உட்கார்ந்து உண்மைக் கணக்கைப் பேசினால் என்ன?

ஒரு பிடி அரிசி

விருதுநகரில் சத்திரிய வித்யாசாலா என்ற பள்ளிக்கூடம் இருக்கிறது. 1889-ல் தொடங்கியது. காமராஜர் சிறுவயதில் படித்த இடம். வீட்டுக்கு வீடு தினம் ஒரு பிடி அரிசி எடுத்து வைத்து நடத்திய பள்ளி அது.

லண்டன் அறைக்கும் அந்த வழி பொருந்தும். நாலு பேர் சேர்ந்து ஒரு வீடு. வாரம் பிறந்ததும் ஆளுக்கு ஒரு பங்கு டப்பாவில் போட வேண்டும். அரிசியும் பருப்பும் மூட்டையாக வாங்க வேண்டும். ஆளுக்கு ஒரு நாள் சமையல். தனியாக இருப்பவன் சோம்பலில் பட்டினி கிடப்பான். நாலு பேருக்கு உலை வைக்கும்போது அப்படி விட முடியாது.

அங்கே வீட்டுக்குக் கவுன்சில் வரி என்று ஒன்று உண்டு. வீட்டில் இருப்பவர் அத்தனை பேரும் முழு நேர மாணவராக இருந்தால் அந்த வரி கிடையாது. வேலைக்குப் போகிற தெரிந்த அண்ணன் ஒருவரைப் பாவம் பார்த்துச் சேர்த்தால் வரி வந்துவிடும்! லண்டனில் மாணவர் அட்டை எடுத்தால் சீசன் டிக்கெட்டில் நூற்றுக்கு 30 குறையும். வந்த முதல் வாரமே இதை வாங்காமல் இருக்கும் பிள்ளைகளை என்ன சொல்வது?

வேலை செய்தால் என்ன என்று கேட்கலாம். செய்யலாம். பட்டப் படிப்பு மாணவருக்குப் பிரிட்டனில் பாட நாளில் வாரம் 20 மணி நேரம் வரை அனுமதி. கனடாவில் 2024 முதல் 24 மணி. ஆஸ்திரேலியாவில் 2023 முதல் இரண்டு வாரத்துக்கு 48 மணி. இதற்கு மேல், கையில் ரொக்கமாகத் தருகிறேன் என்று கூப்பிடுகிறவர்கள் உண்டு. போனால் விசா போகும். கூலியைக் குறைத்துக் கொடுத்தாலும் வாய் திறந்து புகார் சொல்ல முடியாது. கடனை அடைக்கப் போன பிள்ளை, கடனோடு ஊர் திரும்ப நேரும்.

அங்கே படிப்பு பெரும்பாலும் செப்டம்பரில் தொடங்கும். விசாவுக்காகக் காத்திருக்கும் மாதங்களில் பையன்கள் என்ன செய்கிறார்கள்? கோட்டு வாங்க மதுரைக்குப் போகிறார்கள். விருந்துக்குப் போகிறார்கள். அம்மாவோ, "போற பிள்ளை, அவனை எதுக்கு அடுப்படிக்கு இழுக்க?" என்று அவனுக்குப் பரிமாறிக்கொண்டே இருக்கிறார். பெண் பிள்ளை போவதாக இருந்தால் இந்தக் கவலையே இல்லை என்பார்கள். அதுவும் தவறான எண்ணம்தான். கல்லூரி விடுதியில் வளர்ந்த பெண்களுக்கும் உலை வைக்கத் தெரிவதில்லை.

இரண்டு மாதம் அவனே சோறு வடிக்கட்டும். பருப்பு வேக வைக்கட்டும். புளி கரைத்து ஒரு குழம்பு வைக்கட்டும். அப்பா அதையே தூக்குச்சட்டியில் வேலைக்குக் கொண்டு போகட்டும். முதல் வாரம் சோறு குழையத்தான் செய்யும்.